ஏரி நடுவில் இரண்டு மரியாதைக்காரர்கள்

1

மின்பாதையில் பழுது பார்க்க ஓர் ஆள் கம்பத்தில் ஏறுவதற்கு முன், அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்தி ஓர் அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டும். எங்கள் இலாகாவில் இதற்கு லைன் கிளியர் என்று பெயர். இந்தச் சீட்டு ஒரே ஒருவர் பெயரில்தான் கொடுக்கப்பட வேண்டும். வாங்கியவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் திருப்பிக் கொடுக்கும்வரை, அமைச்சரே தொலைபேசியில் வந்தாலும் மின்சாரம் விடக் கூடாது. இரண்டு பேர் பெயரில் ஒரு சீட்டு கொடுக்க விதியில் இடமே இல்லை. இரண்டு பேர் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்று பொருள் என்பதை, இந்த விதியை எழுதியவர் எங்கோ ஒரு பிணத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கம்பத்துக்காக எழுதிய விதி இது. உறைந்த ஏரிக்கும் பொருந்தியிருக்க வேண்டும். பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் மாப்பிள்ளைக்கு அந்த விதியே தெரியாது.

2

மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அன்னூர், சத்தியமங்கலம், பொள்ளாச்சி என்று சுற்றிச் சுற்றி வேலை பார்த்தேன். மனைவி காலமான பிறகு, கோவை வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி மகள் வித்யா இங்கே அழைத்துக்கொண்டாள். இங்கே என்றால் கனடாவில் வட ஒன்டாரியோ. ஒரு சுரங்கத்தை நம்பி வாழும் சிற்றூர். ஊரைச் சுற்றிலும் ஏரிகள். வருடத்தில் பாதி நாள் அவை ஏரிகள், மீதி நாள் மைதானங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் அவை எதுவென்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

மாப்பிள்ளை கார்த்திகேயன் சுரங்கத்தில் பொறியாளர், சத்தியமங்கலத்துக்காரர். பேத்தி தாரா உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். என் அன்றாட வேலை வாசலில் பனி தள்ளுவது, தாராவின் மதிய உணவுப் பெட்டியைக் கழுவுவது, ஓய்வூதியம் நிற்காமல் பார்த்துக்கொள்வது. இந்தக் கடைசி வேலைக்காக, நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடந்தோறும் ஊருக்கு ஒரு சான்றிதழ் அனுப்புகிறேன். அதற்கான நடைமுறையில் இன்னும் எளிதாக்கக்கூடிய இடங்களை இரண்டு முறை எழுதித் தெரிவித்திருக்கிறேன். போன வருடம் சான்றிதழ் போய்ச் சேர்வதற்குள்ளாகவே அது பொய்யாகிவிடப் பார்த்தது.

தாராவைப் பற்றி எனக்கு ஒரு குறை இருந்தது. அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் 'ங்க' வராது. அப்பாவையே "நீ வா, நீ போ" என்பாள். "வாங்கப்பான்னு சொல்லு கண்ணு" என்று நான் திருத்துவேன். எதற்கு என்று கேட்பாள். மரியாதை என்பேன். மரியாதையால் என்ன ஆகும் என்று கேட்பாள். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை.

3

பனிவண்டி என்பது சக்கரங்களைக் கழற்றிய மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுற்றும் ஒரு ரப்பர் பட்டை. இந்த ஊரில் அது இல்லாத வீட்டை ஏழை வீடு என்பார்கள், அல்லது புதிதாக வந்தவர்கள் வீடு என்பார்கள். நாங்கள் இரண்டாவது வகையில் இருந்து வெளியேற வேண்டும் என்று மாப்பிள்ளை ஒன்று வாங்கினார். பதிவு, உரிமம், தலைக்கவசம் எல்லாம் முறைப்படி இருந்தன. நானே சரிபார்த்தேன். ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை.

பனிவண்டிக்காரர்கள் சங்கம் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தது. அதை முழுக்கப் படித்தவன் அநேகமாக இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். ஏரியின் பனிக்கட்டி தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை என்று அதில் இருந்தது. தண்ணீர் ஓட்டம் உள்ள குறுகலான இடங்களைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது. போகலாமா கூடாதா என்பதை ஓட்டுபவரே முடிவு செய்ய வேண்டும், சந்தேகம் இருந்தால் போகாதீர்கள் என்று முடித்திருந்தது. கடைசி வரியின் கீழ் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன்.

போன வருடம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கு அக்கரையில் புதிதாகக் குடிவந்திருந்த பொள்ளாச்சிக் குடும்பம் ஒன்று எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தது. சமையலுக்கு ஒத்தாசையாக வித்யாவும் தாராவும் காலையிலேயே காரில் போய்விட்டார்கள். சாலை ஏரியை முழுக்கச் சுற்றிக்கொண்டு போகும். ஏரி மேல் போனால் கால்வாசி நேரம்.

"மாமா, ரோட்டுல போறதுங்களா, ஏரியில போறதுங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

வண்டி வாங்கி முதல் தடவை மாமனாரை ஏற்றிப் போக ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். "எப்புடினாலும் செரிங்க மாப்பிள்ளை" என்றேன். கிழவருக்கு ஏரியைப் பார்க்க ஆசை, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் அப்படி நினைத்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் சிறிய சரக்கு வண்டியில் பனிவண்டியை ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் இறக்கினோம். மாப்பிள்ளை துளைக்கருவியால் பனிக்கட்டியில் ஓட்டை போட்டார். நான் நாடா வைத்து அளந்தேன். பிரசுரத்தில் சொன்னதைவிடக் கூடுதலாகவே இருந்தது. அளவு சரி என்று அறிவித்தேன். அளந்த இடத்தில் நாங்கள் விழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஏரியின் நடுவில் ஒரு தீவு. அதற்கும் கரைக்கும் இடையில் குறுகலான கால்வாய் மாதிரி ஓரிடம். அதை நெருங்கும்போது பனியின் நிறம் மாறியது. வெள்ளை போய், நனைந்த சாம்பல் மாதிரி இருந்தது. வேறு வண்டித் தடங்கள் எல்லாம் அதுவரை வந்து, இடப்பக்கம் திரும்பித் தீவைச் சுற்றிப் போயின. மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்து, நிறுத்தினார். இயந்திரத்தை அணைக்கவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, குளுருதுங்ளா?"

"இல்லீங்க மாப்பிள்ளை. எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"திரும்பிப் போறதுன்னாலும் போயரலாமுங்க."

"உங்க சௌகரியமுங்க."

"நீங்க என்ன சொல்றீங்களோ அப்புடியே பண்ணிப்போடலாமுங்க மாமா."

"ஓட்டறவரு நீங்க. நா என்னங்க சொல்றது."

"சாப்பாட்டுக்கு வேற காத்துட்டு இருப்பாங்க."

"அதுவும் செரிதானுங்க."

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இதை அப்படியே பேசலாம். குளிருகிறதா என்று அவர் கேட்டதற்கு, தயவு செய்து குளிருகிறது என்று சொல்லுங்கள், திரும்பிவிடலாம் என்று பொருள். எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதற்கு, எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் உங்கள் வண்டியோட்டத்தை நான் நம்பவில்லை என்று ஆகிவிடக் கூடாது என்று பொருள். பேச்சின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பிறவியிலேயே உண்டு. அன்று இரண்டு பேரும் அதைத் தப்பாகப் பார்த்தோம். காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் சந்தேகம் இருந்தது. சந்தேகம் இருந்தால் போகாதீர்கள் என்ற வரியும் என் நினைவில் இருந்தது. யாருடைய சந்தேகம் என்று அதில் குறிப்பிடவில்லை.

மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார். வண்டி நேராகப் போனது.

4

பனிக்கட்டி உடைவதற்கு முன்னால் பெரிய சத்தம் வரும் என்று எண்ணியிருந்தேன். வரவில்லை. பின்பாகம் யாரோ மெதுவாக உட்கார்வது மாதிரி தாழ்ந்தது. என் முழங்கால்வரை தண்ணீர் வந்ததும்தான் புரிந்தது.

"எறங்குங்க மாமா. பாத்து எறங்குங்க" என்றார் மாப்பிள்ளை. அந்த நேரத்திலும் பார்த்து இறங்கச் சொன்னார்.

நான் பின்னால் சரிந்து விழுந்தேன். விழுந்த இடம் தாங்கியது. குப்புறப் படுத்து, கைகால்களை அகட்டிக்கொண்டு, வந்த தடத்திலேயே பின்னுக்கு நகர்ந்தேன். நிமிர்ந்து பார்க்கையில் வண்டி இல்லை. மாப்பிள்ளை மார்பளவு தண்ணீரில், உடைந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிற்கவில்லை, தொங்கினார். விளிம்பு அவர் கையோடு உடைந்து உடைந்து வந்தது. தண்ணீருக்கடியில் வண்டியின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஏரி அந்த இடத்தில் பச்சையாகத் தெரிந்தது.

இந்த ஊர்க்காரர்கள் கழுத்தில் ஒரு கயிறு மாட்டியிருப்பார்கள். அதன் இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த ஆணிகள். பனிக்கட்டியில் குத்திக் குத்தி ஏறி வருவதற்கு. மாப்பிள்ளையிடமும் இருந்தது, கோட்டுக்கு உள்ளே, ஜிப் போட்டு. நான் மப்ளரை அவிழ்த்து ஒரு முனையை வீசினேன். அவர் அதைத் தொடவில்லை. "வேண்டாமுங்க மாமா, நீங்களும் உள்ள வந்துருவீங்க" என்றார். பல்லால் கையுறையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, ஆணிகளை எடுத்துக் குத்தினார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் அவருடைய இடுப்பு மேலே வந்தது, பிறகு கால்கள் வந்தன, உருண்டுகொண்டே என் பக்கம் வந்தார்.

கரைவரை நடந்தோம். அவருடைய கால்சட்டை விறைத்து, தகரம் மாதிரி சத்தம் போட்டது. அவர் நடுங்கிக்கொண்டே வந்தார். பிறகு அந்த நடுக்கம் நின்றுவிட்டது. அது நல்லதல்ல என்று பிரசுரத்தில் படித்திருந்தேன்.

சரக்கு வண்டிக்குள் ஏறி, வண்டியின் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். ஈரத் துணிகளை உடனே கழற்ற வேண்டும். அவர் கழற்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "பரவால்லீங்க மாமா, ஊட்டுக்குப் போயி மாத்திக்கறேன்" என்றார், குழறலாக. மாமனார் முன்னால் கால்சட்டையைக் கழற்றுவதா என்று உட்கார்ந்திருக்கிறார். சாவு பக்கத்தில் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, இவர் முறை பார்க்கிறார்.

கல்யாணம் பேசி முடித்த நாளில் இருந்து அவரை நான் ஒருமையில் பேசியதே இல்லை.

"கழட்டுடா" என்று கத்தினேன். "இப்பக் கழட்டறயா, நா கழட்டட்டுமா?"

உடனே கழற்றினார். என் கோட்டை அவர் காலில் சுற்றினேன். கால்விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவற்றை என் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு, அக்கரையில் இருந்த வித்யாவுக்குத் தொலைபேசி போட்டேன்.

5

அன்னூர்ப் பக்கம் நான் இளம் பொறியாளராக இருந்தபோது, என் மேலதிகாரி எனக்கு உறவு முறையும் ஆவார். பெரிய மனிதர். ஒரு நாள் கம்பத்தில் ஆள் இருக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டு, மில்காரர்கள் தொந்தரவு செய்கிறார்கள், மின்சாரத்தை விட்டுவிடலாமா என்று கேட்டார். சீட்டு திரும்பி வரவில்லை, முடியாது என்றேன். முடியாதுங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கோபிக்கவில்லை. நான் மரியாதை தெரியாதவன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. விதி பேசியது, பையன் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

விதி என்பது மரியாதையில்லாமல் பேசுவதற்கு அரசாங்கம் கொடுக்கும் அனுமதி. பணியில் இருந்த காலம் முழுக்க அந்த அனுமதியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரிடம் முடியாது என்றிருக்கிறேன். அதனாலேயே நான் துணிச்சல்காரன் என்று பெயர். ஏரி நடுவில் என்னிடம் அந்த அனுமதி இல்லை. மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே இலாகா விதி எதுவும் கிடையாது.

6

மருத்துவமனையில் கால்விரல்களுக்கு உயிர் வந்தது. வரும்போது மாப்பிள்ளை துணியைக் கடித்துக்கொண்டு அழுதார். எல்லா விரல்களும் தப்பின. பிழைத்தது அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர்.

 மருத்துவர் போனதும் வித்யா கேட்டாள்: "யாரு போலாம்னு சொன்னது?"

"நாந்தான் வித்யா" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல அம்மணி, என்ற தப்புதான்" என்றேன் நான்.

"மாமா மேல ஒண்ணும் இல்ல. ஓட்டுனது நானு."

"நா வேண்டாம்னு சொல்லியிருந்தா அவுரு நிறுத்தியிருப்பாரு."

"ரெண்டு பேரும் பந்தியில நீங்க மொதல்ல உக்காருங்கன்னு உபசாரம் பண்றாப்புல பேசாதீங்க" என்றாள் வித்யா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், எனக்குப் போக வேண்டும் என்று இருந்ததா, இல்லையா. இல்லை, பயமாக இருந்தது என்றேன். கணவர் பக்கம் திரும்பினாள்.

அவள் கணவரை எப்போதும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவாள். அன்று ங்க இல்லை. "உனக்குப் போகோணும்னு இருந்துச்சா, இல்லியா? தப்பு யாருதுன்னு நா கேக்கல. உனக்கு என்ன இருந்துச்சுன்னு கேக்கறேன்."

"மன்னிச்சிரு வித்யா. இனி இப்புடி நடக்காது."

"அது நா கேட்டதுக்குப் பதில் இல்ல."

அவள் சொன்னது சரி. விளக்கம் கேட்டு நான் அனுப்பிய குறிப்பாணைகளுக்கு, 'நிகழ்ந்தமைக்கு வருந்துகிறேன், இனி நிகழாது' என்று எழுதித் தருகிறவர்கள் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று திருப்பி அனுப்புவேன். வருத்தம் சுலபம். அதைக் கொடுத்தால் கேள்வி கேட்டவர் வாயடைத்துப் போவார். என்ன நினைத்தாய் என்பதற்குப் பதில் சொன்னால், அதற்கு மேல் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

மகள் என் ரத்தம். கேள்வியைத் திரும்பப் பெறவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை. நிலுவையில் வைத்தாள்.

7

மூழ்கிய வண்டியை உரிமையாளரே வெளியே எடுக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எண்ணெய் தண்ணீரில் கலந்துவிடக் கூடாதாம். நான் சுறுசுறுப்பானேன். நடந்ததை வரிசைப்படி எழுதி, வரைபடம் இணைத்து, அளந்த பனிக்கட்டியின் கனத்தையும் குறிப்பிட்டு, உரிய அலுவலகத்துக்கு மாப்பிள்ளை பெயரில் அனுப்பினேன். அங்கிருந்து ஓர் இளம் பெண் தொலைபேசியில் வந்தாள். மிகவும் விரிவான அறிக்கை, நன்றி என்றாள். குறுக்கே போக முடிவெடுத்தது யார் என்று கேட்டாள். அது இரண்டு பேரின் கூட்டு முடிவு என்று சொல்ல முடியாது, ஆனால் தனி முடிவு என்றும் சொல்ல முடியாது என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டியின் பிடி யார் கையில் இருந்தது என்றாள். சொன்னேன். அப்படியானால் அவர்தான் என்றாள். அவளுக்கு அதில் குழப்பம் எதுவும் இல்லை.

முக்குளிப்பவர்கள் வந்து வண்டியை எடுத்தார்கள். ஒரு மெக்கானிக் அதற்கு உயிர் கொடுத்தார். அது கொட்டகையில் போர்வைக்கடியில் நின்றது.

தாரா என்னிடம் ஒரே ஒரு தடவை பேச்செடுத்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்றாள். மாப்பிள்ளை மனம் நோகும் என்று நினைத்தேன் என்றேன். அப்பா செத்துப் போயிருந்தால் நோகாதா என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் அவளுடைய ங்கவைத் திருத்துவதை நிறுத்திக்கொண்டேன். முழுதாக நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டேன்.

8

அடுத்த குளிர்காலம் வந்து, இந்த வருடம் தை பிறந்து, ஏரி நன்றாக இறுகிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் நண்பர்களோடு மூன்று பனிவண்டிகளில் வந்தார். நல்ல மனிதர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தீவுக்கு அப்பால் மீன் பிடிக்கப் போகிறார்கள், கார்த்திகேயனும் வரவேண்டும் என்றார். குறுகலான இடத்தைச் சுற்றித்தான் போவோம், நேற்றும் போய் வந்தோம் என்றார். தாரா அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு விட்டாள்.

நாங்கள் எல்லோரும் கரைக்குப் போனோம். அவர்களுடைய மூன்று வண்டிகளும் எங்களுடையதும் உறுமிக்கொண்டு நின்றன. எங்கள் வண்டியில் மாப்பிள்ளை முன்னால், தாரா பின்னால், அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு. வித்யா என் பக்கத்தில் நின்றாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அதற்கு அவள் எவ்வளவு அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கணவருக்கு மறுபடியும் ஒரு மறைவிடம் கிடைத்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். தயாரா என்று பொருள்.

மாப்பிள்ளை கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். குளிருகிறதா என்று கேட்கும் பார்வை. நான் தலையை ஓர் அங்குலம் அசைத்தால் போதும், எந்தப் பக்கம் அசைத்தாலும். பின்னால் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. அதை மூடிக்கொண்டு வேறொன்று சொன்னேன்.

"என்னையப் பாக்காதீங்க மாப்பிள்ளை."

 முதல் வண்டி நகர்ந்து பனிக்கட்டியில் இறங்கியது. இரண்டாவது இறங்கியது. தாரா அவர் முதுகில் தட்டினாள்.

அவர் சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பேசியது என்னிடம் அல்ல.

"வித்யா, அன்னைக்கு எனக்குப் போகோணும்னு இல்ல. ரொம்பப் பயமா இருந்துச்சு. மாமா முன்னாடி பயந்தவன்னு ஆயிருமேன்னு போனேன். இன்னைக்கும் பயமாத்தான் இருக்குது. நா போகல."

தாரா இறங்கி, தலைக்கவசத்தோடு நின்று, சரி என்றாள். ஏமாற்றம் இருந்தது, சண்டை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கையை அசைத்துவிட்டுக் கிளம்பினார். ஒரு கேலிகூடச் செய்யவில்லை. ஏரி அன்று எல்லோரையும் தாங்கியது. மாலையில் அவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, எங்களுக்கும் இரண்டு மீன் கொடுத்துவிட்டுப் போனார்கள். போயிருக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லவில்லை. வித்யாவும் சொல்லவில்லை.

 முன்னதாக, கரையில் இருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, வித்யா ஓரிடத்தில், "ஏனுங்க, வழியில பால் வாங்கோணும்" என்றாள்.

மருத்துவமனையில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கப்பெற்ற நாள்: தை மாதம், மூன்றாம் சனிக்கிழமை, முற்பகல்.